பால் மணி

பல வருடங்களாகப் பொறுக்கியெடுத்து, ஒரே உயரம், ஒரே மாதிரிக் கதிர் என்று சுகந்தி உருவாக்கிய கோதுமை அது. எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருந்ததால், துருநோய் வந்தபோது எல்லாமே ஒன்றாக மஞ்சளாகி மடிந்தன. நடுவே ஒரே ஒரு செடி மட்டும், மற்றவற்றைவிட ஒரு முழம் உயரமாக, பச்சையாக நின்றது. அதில் கட்ட அடையாளச் சீட்டு எடுத்துவர ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓடினாள். திரும்பியபோது, வயல்வேலை செய்யும் மாதியின் கையில் அது வேரோடு இருந்தது.

“ஏன் பிடுங்குன?”

“நீங்கதான மேடம் சொன்னீங்க, வித்தியாசமா எது நின்னாலும் பிடுங்கிடணும்னு?”

சுகந்தி கதிரில் ஒரு மணியை நசுக்கிப் பார்த்தாள். விதையாக முற்றவில்லை. விரலெல்லாம் பால்.

“திருப்பி நட்டுடட்டா மேடம்?”

பிழைக்காது என்று தெரிந்தும், சுகந்தி குனிந்து வெறுங்கையால் மண்ணைத் தோண்டத் தொடங்கினாள்.