ஏழாவது புகைபோக்கி

பீர் காய்ச்சிப் பிரபுவான ஜொசாயா த்ரிப், எங்களைப் போன்ற கதியற்ற கிழவிகளுக்கு ஆறு வீடுகள் கட்டிக்கொடுத்தார். சாலையிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று, கடைசி வீட்டுக் கூரையில் ஏழாவதாக ஒரு புகைபோக்கியும் வைத்தார். அதற்குக் கீழே கணப்பு கிடையாது, கெட்டிச் சுவர்தான்.

இந்தக் குளிர்காலத்தில் அது புகைந்தது.

காலமான பிரபுவின் பேரனும் இந்த வீடுகளின் அறங்காவலருமான எட்மண்ட், அந்த வீட்டு ஹெஸ்டரிடம் வந்தார். "வெளியாளைத் தங்க வெச்சா வீட்டைக் காலி பண்ணணும்னு விதி. யாரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"யாரும் இல்லீங்க ஐயா. விரட்டினா நான் தெருவுலதான் சாகணும். நீங்களே சுவத்தைத் தொட்டுப் பாருங்க. உங்க தாத்தா புகைபோக்கி வெச்சாரு, அடுப்பு வைக்கத்தான் மறந்துட்டாரு."

வாசலில் நின்ற நாங்கள் சிரித்தோம். எட்மண்ட் கையுறையைக் கழற்றிச் சுவரில் கை வைத்தார். சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார்.

சுவருக்குள்ளிருந்து மிக மரியாதையான ஒரு குரல் கேட்டது. "வாங்க எட்மண்ட், உங்க தாத்தா பக்கத்துல உங்களுக்கும் நாற்காலி போட்டிருக்கேன்."

அவர் ஹெஸ்டரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டுக்கு ஒரே கதவுதான். இருட்டும்வரை அதன் முன்னால் நின்றோம். பிறகு ஹெஸ்டர் திறந்து பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை.

காலி செய்யச் சொல்ல ஆளில்லாததால், அவள் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.