அப்பா படிக்கிற நாவல்

மகள் கொடுத்த நாவலைப் பேருந்தில் வாசிக்கும் அப்பாவைப் பார்த்திருக்கிறீர்களா? கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் என் முன்னிருக்கைக்காரர் வாசிக்கிறார். சாயங்கால வெயில் தாளின் மேல் ஆடுகிறது. மடியில் கல்லூரிப் பையோடு மகள் அவர் முகத்தையே பார்க்கிறாள். வரிக்கு வரி நகர்ந்த அவர் விரல் ஓரிடத்தில் நிற்கிறது.

“இந்தப் பொண்ணும் செத்துப்போன அம்மா புடவையத்தான் கேக்குதா, எழிலு?”

“அதுக்குத்தாம்ப்பா படிக்கச் சொன்னேன். அம்மாவோட நீலப் புடவையக் கேட்டா பீரோவப் பூட்டிக்கிற.”

“கட்டுனா நீ அவள மாரியே இருப்ப. அதான் பயம்.”

“கதையில அந்த அப்பாவும் இதையேதான் சொல்றாரு.”

அவர் சிரித்துவிடுகிறார். கண் நிறைகிறது. இடுப்புக் கயிற்றில் கோத்திருந்த சாவியைக் கழற்றி அவள் கையில் வைக்கிறார். அவள் அதை இறுக்கி மூடிக்கொண்டு, பேருந்தே தன்னுடையது போல நிமிர்ந்து உட்காருகிறாள்.

மறுநாள் காலைப் பேருந்தில் எழில் நீலப் புடவையில் ஏறுகிறாள்.