மாடி வீட்டுச் சத்தம்

படைவீரர் குடியிருப்பில் எந்த வீட்டில் அடிதடி என்று விசாரிக்க வந்திருந்தார் அதிகாரியம்மா. ஊர்ச் சேதியெல்லாம் அத்துப்படியான ‘ரேடியோ’ சும்மா இருப்பாளா? பக்கத்திலேயே அவளுடைய சிப்பாய்ப் புருஷன், நகராமல் உட்கார்ந்திருந்தான்.

“மாடி வீட்டுலதான் மேடம்! நேத்து ராத்திரிகூடத் தட்டு பறந்துச்சு. துப்பாக்கியைக் காட்டி வேற மிரட்டுறான்.”

புருஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அப்படிப்பட்டவனை இன்னைக்கே வீட்டை விட்டுக் கிளப்பணும் மேடம்!”

“கிளப்பிடலாம். பெட்டியைக் கட்டுங்க.”

“நானா? மாடி வீட்டுக்காரன்...”

“மாடியில ஒரு வாரமா நான்தான் தனியாக் குடியிருக்கேன். தட்டு பறக்குற சத்தம் கீழ உங்க வீட்டுலேருந்துதான் கேக்குது.”

அவன் மனைவியை முறைத்தான்.

“புதுசா யாரோ குடிவந்திருக்காங்கன்னு ஆரம்பிச்சேன். ‘ஊர் வம்பு உனக்கெதுக்குடி’ன்னு வாயிலேயே போட்டீங்களே!” என்றாள் ரேடியோ, அதிகாரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.