ராசியான பொட்டி

"யோவ் தென்னரசு, பொட்டியைச் சரி பண்ணித் தர்றேன்னுதானே சொன்ன? பொருத்தம் பாக்குறதையே காணோமேய்யா!"

திண்டிவனத்தில் ஜாதக நிலையம் நடத்தும் சக்கரபாணி தலையில் கை வைத்தார்.

உண்மையில் அவர் எதையும் சரி பண்ணச் சொல்லவேயில்லை. கம்ப்யூட்டர் மெக்கானிக்கான தென்னரசுதான் நேற்று வலியப் போய்ப் புது விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தான். இன்று அதில் பார்க்கப்போவது அவனுடைய ஜாதகத்தை. திரை பளபளவென்று இருந்தால் வரப்போகிற மாமனார் அசந்துபோவார் என்று ஒரு நப்பாசை.

சக்கரபாணியின் ஜாதகப் புரோகிராம் பதினாறு பிட் காலத்துச் சரக்கு. புது விண்டோஸ் அறுபத்துநாலு பிட். 'இது இங்கே ஓடாது' என்று திரை பளபளவென்றே கைவிரித்தது.

"பொண்ணோட அப்பா ஒலக்கூர்ல பஸ் ஏறிட்டாராம். ஆறு பொருத்தமாவது இல்லன்னா அந்தாளு எழுந்து போய்க்கினே இருப்பாரு" என்றார் சக்கரபாணி.

"போன்லயே பாத்துடலாமா சார்?"

"உன் இஷ்டம். ஆனா என்னுது ராசியான பொட்டிப்பா. இதுல பாத்த சம்பந்தம் ஒண்ணுகூட தட்டிப் போனதில்ல."

அதற்குள் பெண் கலையரசியே தென்னரசுவைப் போனில் கூப்பிட்டாள்.

"போன்ல கீன்ல பாத்தீங்க, அப்புறம் என்கூட பேசவே வேணாம். அந்தப் பொட்டியிலதான் பாக்கணும்."

"நீ எம்.சி.ஏ. படிச்சவ கலை..."

"சொன்னதைச் செய்யுங்க. ஜல்தி!"

வைத்துவிட்டாள். படித்த பெண்ணுக்கு இவ்வளவு ஜோசியப் பைத்தியமா? 'என்னைப் பிடிச்சிருக்கா?' என்று அவன் எத்தனை முறை கேட்டும், 'பாக்கலாம்' என்பதைத் தாண்டி அவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. இப்போது அதையும் கிரகங்களிடம் விட்டுவிட்டாள்.

தென்னரசு அந்தப் புரோகிராமைத் தாஜா பண்ணிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான். அசையவில்லை. மாமனார் நடராசன் வந்து, செருப்பைக் கழற்றி, எதிரிலேயே உட்கார்ந்தார்.

"மாப்ள கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரர்னு சொன்னாங்க" என்றார்.

தென்னரசுக்கு வியர்த்தது. கடைசி வழியாக, புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருப்பதுபோல் நடிக்கிற மென்பொருளை ஏற்றினான். அதற்குள் புரோகிராமைப் போட்டான். கறுப்புத் திரையில் பிள்ளையார் தோன்றியதும் சக்கரபாணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிரிண்டர் கரகரத்தது. பத்துக்கு எட்டு!

"எட்டா!" நடராசன் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் எங்க வீட்டம்மாவுக்கும் அஞ்சுதான். முப்பது வருஷமா பேஜாரு. தேதி குறிச்சிடுவோம் மாப்ள."

தென்னரசு வெளியே ஓடிவந்து அவளைக் கூப்பிட்டான்.

"எட்டு வந்துடுச்சு. இப்பவாவது நேரா சொல்லு. உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா, இல்ல ஜாதகத்தைத்தான் பிடிச்சிருக்கா?"

கலையரசி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காலேஜ் லீவுல நான் அந்த ஜாதக நிலையத்துலதான் டைப் அடிச்சிக்கினு இருந்தேன். யார் ஜாதகத்தைப் போட்டாலும் அந்தப் பொட்டி எட்டுதான் காட்டும். நம்ம ரெண்டு பேருக்கும் போன வருஷமே போன்ல பாத்துட்டேங்க... வெறும் ரெண்டு!"