ஒட்டுக்குக் கீழே

முந்தானை இழுபட்டது.

அவள் நின்று திரும்பினாள். தொட்டிச் செடியின் முள் ஒன்று, கொக்கி போல வளைந்தது, சேலை நுனியைப் பிடித்திருந்தது.

"இரு அக்கா, வரேன்."

சொல்லிவிட்டுத்தான் முள்ளை விடுவித்தாள். ஒரு வருஷமாக இப்படித்தான்.

யுசு. ஜப்பான் எலுமிச்சை. இடுப்புக்கு மேல் வளராத குட்டை ரகம், ஒட்டுச்செடி. அக்கா வாங்கி வந்து வராந்தாவில் வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரை நகத்தால் கிள்ளிப் போடுவாள். ஏன் என்று இவள் கேட்டதில்லை. செடி அக்காவுடையது. அடுப்பு இவளுடையது. இரண்டு பேர் மட்டும் இருந்த வீட்டில் அது போதுமாக இருந்தது.

வாதம் வந்து பேச்சு போன பிறகு, கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் அக்கா முந்தானையைப் பிடித்து இழுப்பாள்.

தண்ணீருக்கு ஓர் இழுப்பு.

பயத்துக்கு இரண்டு.

ஒருநாள் வேலை தலைக்கு மேல். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு பத்துத் தடவை கட்டிலைக் கடந்தாள்.

பதினோராம் தடவை நின்று பார்த்தாள். கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த கை சில்லிட்டிருந்தது.

அக்கா போன மூன்றாம் நாள், ஒட்டுக்குக் கீழே ஒரு தளிர்.

கிள்ளவில்லை. வருஷம் திரும்பும்வரை வீட்டில் எந்தப் பச்சையையும் கிள்ளுவதில்லை என்று அவளாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். தளிர் இடுப்புயரம் வந்தது. முள் விட்டது. மேலே பழைய இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கோத்தகிரிக் குளிருக்கு என்று நினைத்தாள்.

நேற்று திவசம் முடிந்தது.

இன்று உரம் கொண்டுவந்த நர்சரி தேவசகாயம் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன டீச்சர் இது? இது யுசு இல்லையே. பாருங்க, மூணு மூணு இலையா வந்திருக்கு. அடிக்கட்டையில முளைச்ச காட்டுச்செடி. கீழ்வீட்டுக்காரன் மாடிவீட்டுச் சாப்பாட்டையும் சேத்துத் தின்னுட்டான். உங்கக்கா இருந்திருந்தா என் தோலை உரிச்சிருப்பாங்க."

காய்ந்து நின்ற கிளையை நகத்தால் சுரண்டினார். பழுப்பு. இன்னும் கீழே. பழுப்பு.

ஒட்டுக்கு ஒரு விரல் மேலே, நூல் மாதிரி ஒரு பச்சை.

"அக்கா செடி இன்னும் போகலை. இந்தக் காட்டுப்பயலை இன்னைக்கே அடியோட எடுத்தா பொழைச்சுக்கும். நான் வெட்டட்டுங்களா?"

"வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

அவர் போய் வெகுநேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கத்தரியை எடுத்தாள்.

மூன்றாவது வெட்டில் காட்டுச்செடி சாய்ந்தது.

சாயும்போது சேலையைப் பிடித்து இழுத்தது. இரண்டு முறை.

மறுநாள் காலை தண்ணீர்ச் செம்போடு வராந்தாவுக்கு வந்தாள். காய்ந்த கிளையையும் நேற்றே நறுக்கியிருந்தாள்; தொட்டியில் ஒட்டுக்கு மேலே ஒரு விரல் கட்டை. வேறொன்றும் இல்லை. அதன் காலடியில் தண்ணீரை ஊற்றினாள்.

இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவித் தொங்கவிட்டாள்.

தொட்டியைக் கடந்தாள்.

நின்றாள்.

திரும்பி, இன்னொரு முறை கடந்தாள். மெதுவாக.