மூன்று நாள் நோட்டு

'வெள்ளி, மாலை 6.10. தாய் பிள்ளைகளைத் தொடவில்லை. பத்தடி தள்ளி, வீட்டுப் படியிலேயே நின்றார். தலையில் பெரிய வட்டத் தொப்பி.'

எழுதி முடித்துக் கீழே கையெழுத்தும் போட்டான் லிஃப்ட் மெக்கானிக். பதினாலு வருடப் பழக்கம். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் நேரம், கோளாறு, பார்த்த வேலை எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போடாமல் அவன் பையைத் தூக்கமாட்டான்.

இந்த நோட்டு வக்கீலுக்காக. பிள்ளைகள் இனி யாரிடம் வளர்வது என்று செவ்வாய்க்கிழமை கோர்ட்டு சொல்லப்போகிறது. மனைவியைப் பிரிந்து வந்த இந்த ஒரு வருடமாக, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் அப்பாவாக இருந்து அவன் ஓய்ந்துபோயிருந்தான். அவர்கள் போன பிறகும் குளியலறையில் நிற்கும் இரண்டு சின்ன பிரஷ்களைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல் தேய்ப்பான்.

இது அவனுடைய முறைகூட இல்லை. அவளே போன் செய்தாள். "ரெண்டு பேருக்கும் காய்ச்சல். மூணு நாள் லீவும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

போனபோது பிள்ளைகள் பையோடு கேட்டுக்கு வெளியே தயாராக இருந்தார்கள். நாலு வயதுச் சின்னவன் கையை நீட்டி அழுதான். அவள் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தத் தொப்பியைப் பார்த்ததுமே, லீவுக்கு எங்கேயோ கடற்கரைக்குக் கிளம்புகிறாள் என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று.

சனிக்கிழமை ஒரு கிளினிக்கும் திறக்கவில்லை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்த மருந்துக் கடைக்காரர்தான் அகப்பட்டார்.

"ஊருக்கெல்லாம் லீவு, காய்ச்சலுக்கு மட்டும் லீவே கிடையாது தம்பி" என்று பாட்டிலை நீட்டினார். "வீட்டுல அம்மா இல்லையா?"

"இருக்கா. ஊர் சுத்தப் போயிருக்கா."

கடைக்காரர் உச்சுக்கொட்டினார். அந்த 'உச்'சைக்கூட நோட்டில் எழுதிவிடலாமா என்று அவனுக்குத் தோன்றியது.

ஒன்பது வயது மூத்தவள் முனகாமல் கொள்ளாமல் சுருண்டு கிடந்தாள். சின்னவன் இரண்டு போர்வையில் வாந்தி எடுத்தான். துவைத்து, துடைத்து, பாலில் தோய்த்த ரொட்டியை ஊட்டி, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டு அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"டேய், லிஃப்ட் எந்த மாடியில நிக்குது தெரியுமா?" என்றான் தெர்மாமீட்டரைத் தூக்கிப் பிடித்து.

"தெரியாது."

"நூத்தி ரெண்டாவது மாடி! அவ்ளோ ஒசரத்துல உனக்கு என்னடா வேலை?"

"மேகம் பாக்கப் போனேன்."

"பாத்தாச்சுல்ல? இறங்கு."

சாயங்காலம் அவள் போன் செய்தாள். தூங்கி எழுந்த குரல்.

"ரெண்டும் அனலா கொதிக்குது. நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகக் கூடாதா?"

"முடியாதுங்க."

"லீவு அவ்ளோ முக்கியமாயிடுச்சா?"

"மருந்தை நேரத்துக்குக் குடுங்க. பெரியவகிட்ட போனைக் குடுங்க" என்றாள்.

மூத்தவள் போனை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். வெறும் 'ம்', 'ம்'தான். பேசி முடித்தபோது தலையணை நனைந்திருந்தது.

"என்னம்மா சொன்னா?"

"ஒண்ணுமில்லப்பா" என்றாள், அவன் கையிலிருந்த நோட்டைப் பார்த்தபடி.

'சனி, மாலை 5.35. அழைத்தும் வர மறுத்தார். குழந்தை அழுதது.'

ஞாயிற்றுக்கிழமை வக்கீலுக்குப் போனிலேயே படித்துக் காட்டினான். "அருமை!" என்றார் வக்கீல். "காய்ச்சல்ல கிடக்கிற புள்ளையைத் தொடக்கூட மனசு வராத பொம்பளை. இதுக்கு மேல என்ன சார் வேணும்? விடாம எழுதுங்க."

ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்தும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் இவனுக்குத் தலைவலி என்றாலே தூங்காமல் உட்கார்ந்திருந்தவள். எப்போது இப்படிக் கல்லாகிப் போனாள்?

திங்கட்கிழமை மாலை இரண்டு பேருக்கும் உடம்பு வேர்த்து விட்டது. ஜன்னல் வழியே வந்த வெயில் கட்டில் முழுக்கப் படுத்திருந்தது. 'மூன்று நாளும் தாய் வரவில்லை' என்று கடைசி வரியை எழுதி, நோட்டை மடியில் விரித்தபடியே தெர்மாமீட்டரைப் பார்த்தான்.

"தொண்ணூத்தெட்டாவது மாடி! கதவு தொறந்தாச்சு, எல்லாரும் இறங்கலாம்!"

சின்னவன் கட்டிலில் எழுந்து நின்று குதித்தான். "அக்கா, காய்ச்சல் போயிடுச்சு! இனிமே மொட்டை அம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கலாம்! அம்மா சாக மாட்டாங்க!"

மூத்தவள் பாய்ந்து தம்பியின் வாயைப் பொத்தினாள்.

"மொட்டை அம்மாவா?" என்றான் அவன்.

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாவுக்குக் கேன்சர்ப்பா. மருந்து ஏத்துறாங்க. எங்க காய்ச்சல் ஒட்டிக்கிட்டா அம்மா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாங்க."

பேனாவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையை அவள் பார்த்தாள். விரித்திருந்த பக்கத்தின் மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் அகல விரித்து வைத்தாள்.

"இதை எழுதிடாதீங்கப்பா."