மைனஸ் பதினைந்து

இனி வரும் நத்தார்ப் பண்டிகைகளுக்கு வீட்டிலேயே வைன் போடவேண்டும் என்று என் கணவர் மரியநாயகம் திராட்சைக் கொடி வாங்கப் போனார். நானும் போனேன். ஒவ்வொரு கொடியிலும் அது எவ்வளவு குளிர் தாங்கும் என்று ஓர் அட்டை கட்டியிருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தடவித் தடவி விசாரித்தார். மைனஸ் முப்பத்தைந்து தாங்குவதை எடுக்கச் சொன்னேன்.

"அதின்ரை வைன் வாயிலை வைக்கேலாது, ஒரே புளிப்பு" என்று சொல்லி, மைனஸ் பதினைந்து மட்டுமே தாங்கும் மெல்லிய கொடியைக் கொண்டுவந்து நட்டார்.

முதல் பனி விழுந்த காலை, வேலைக்குப் புறப்பட்டால் என் கம்பளிக் கோட்டைக் காணவில்லை. வீட்டுப் பின்வளவில் அது கொடிக்குப் போர்த்தப்பட்டிருந்தது, மேலே கயிறும் சுற்றி.

"என்ரை கோட்டுத்தானே கிடைச்சது உங்களுக்கு?"

"பாவம், பிஞ்சுக் கொடியப்பா. இண்டைக்கு மைனஸ் இருபதாம். உமக்கு இந்தக் குளிர் பழகிட்டுதுதானே."

பழகிவிட்டதாம்! என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்து இருபத்திரண்டு வருடம். நீ எவ்வளவு தாங்குவாய் என்று ஒருநாள், ஒரேயொரு நாள், கேட்டிருப்பாரா?

கயிற்றை அறுத்து, கோட்டை உருவி அவர் கையில் திணித்தேன். கொடியிலிருந்த அட்டையை அவிழ்த்து என் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டு, கொடிக்குப் பக்கத்தில் பனியில் போய் நின்றேன்.

"இப்ப சொல்லுங்கோ, ஆருக்குப் போர்க்கப்போறியள்?"

கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் யோசிக்கிறார்.